ஐந்து பேருக்கு ஆறு பட்டன்

அன்றைக்குப் பகல் இரண்டு மணிக்குத் தையல்காரருக்கு இருந்த கவலையெல்லாம் பள்ளிக்கூடச் சட்டைகளைப் பற்றியதுதான் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். நாற்பத்திரண்டு சட்டை. சட்டைக்கு ஏழு பட்டன். திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். கடை வாசலில் டிவிக்காரர்களும் போலீஸும் கட்சிக்காரர்களும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதற்காக எந்தச் சட்டையிலும் பட்டன் தானாக ஏறிக்கொள்ளப் போவதில்லை. அதனால் அவர் ஜன்னல் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஏற்றியிருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

அத்தனை கூட்டத்துக்கும் காரணம் அவர் மனைவி. தேர்தலில் அவள் கட்சி ஜெயித்திருந்தது. காலை பதினோரு மணிக்குக் கூடிய கட்சி எம்.பி.க்கள் அவளையே தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 'பொறுப்பை ஏற்கச் சம்மதம்' என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நான்கு மணிக்குள் ஜனாதிபதி மாளிகையில் சேர்த்துவிட்டால் அவள்தான் நாட்டுக்குப் பிரதமர். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மற்ற வீடுகளில் ஒரு நொடி. இந்த வீட்டு வழக்கமே வேறு.

ஊர் முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். பல் போன கிழவர்கூட அக்கா என்பார். சொந்தப் புருஷனே ஒரு பொதுக்கூட்டத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, வாய் தவறி "அக்கா, இங்க இருக்கேன்" என்று கத்தித் தொலைத்தார். அதை வைத்து வீட்டில் மூன்று மாதம் அவரைப் போட்டுக் காய்ச்சினார்கள். ஆகையால் நாமும் அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

கடை கீழே, வீடு மாடியில். வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் கட்சிச் செயலாளர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார். நான்கு மணி தாண்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கட்சியில் இரண்டாம் இடத்தில் இருந்த மீசைக்காரர் ஒருவர், இதே மாதிரி ஒரு சம்மதக் கடிதத்தைத் தன் பெயருக்கு அடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாளிகை வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வீட்ல பேசி முடிச்சுட்டீங்களா?" என்றார் செயலாளர்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல. ஓட்டுதான்," என்றாள் அக்கா. "அஞ்சு பேர். அஞ்சே நிமிஷம்."

"நூத்தம்பது எம்.பி. ஓட்டுப் போட்டாச்சே, அது பத்தாதா?"

"அவங்க ஓட்டுப் போட்டுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போய்ட்டாங்க. நான் இந்த வீட்டுக்குத்தானே வரணும்."

இருபத்திரண்டு வருஷமாக இது நடக்கிறது. முதன்முதலில் வார்டு கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கலாமா என்ற கேள்வி வந்தபோது, கட்டிங் டேபிளைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒன்றும் முடிவாகவில்லை. அக்காதான் பட்டன் டப்பாவை எடுத்தாள். ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டன், ஒரு கருப்புப் பட்டன். வெள்ளை என்றால் சரி, கருப்பு என்றால் வேண்டாம். துணி போட்டுப் பார்க்கும் ட்ரையல் ரூம்தான் வாக்குச்சாவடி. ஒவ்வொருவராக உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டு, ஒரு பட்டனை மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னிலும் மிச்சப் பட்டனைப் பக்கத்திலிருக்கும் பவுடர் டப்பாவிலும் போட்டுவிட்டு வர வேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. அக்காவுக்கும் ஒரே ஓட்டு. சமமாக விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

அதோடு இன்னொரு விதி. தோற்றுப்போனவர் விருப்பப்பட்டால் எழுந்து நின்று ஒரே ஒரு விஷயம் கேட்கலாம். ஜெயித்தவர்கள் அதைக் கொடுத்தே தீர வேண்டும்.

இந்த விதியால் கொழுத்தது யார் என்றால் தையல்காரரின் தங்கை. நர்ஸ். ஆஸ்பத்திரியில் ஷிப்டு பார்க்கிறவள், கல்யாணம் வேண்டாம் என்று இந்த வீட்டோடு இருந்துவிட்டவள். வீட்டில் அவளுக்கு எதிர்க்கட்சி என்றே பெயர். எதுவாக இருந்தாலும் கருப்புதான் போடுவாள். போட்டுவிட்டு மகாராணி மாதிரி எழுந்து நிற்பாள். முதல் தடவை, "சமையலறைக்குள்ள ஒரு கட்சிக்காரன் கால் வைக்கக் கூடாது" என்றாள். இன்றைக்கு வரைக்கும் எவ்வளவு பெரிய தலைவர் வந்தாலும் சமையலறை நிலைப்படிக்கு இந்தப் பக்கம்தான். அக்கா மேயருக்கு நின்றபோது, "நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து தூங்கறேன். மைக் கட்டின வண்டி இந்தத் தெருவுக்குள்ள வரக் கூடாது" என்றாள். மேயர் வேட்பாளரின் சொந்தத் தெருவில் மட்டும் பிரசாரமே இல்லை. அடுத்த தடவை, காலையில் குளியலறை முதலில் தனக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டாள். மகளுக்குப் பத்து வயதில் ஓட்டுரிமை கொடுத்தார்கள். அவளும் அத்தையைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அக்கா அமைச்சரானபோது, "என் ஸ்கூல் விழாவுக்கு நீ சிறப்பு விருந்தினரா வரக் கூடாது. அம்மாவா வரலாம். கடைசி வரிசையில உக்காரணும்" என்று கேட்டு வாங்கினாள். அமைச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

இதை அக்கா வெளியிலும் செய்தாள் என்பதுதான் கூத்து. மேயரானதும் எந்தத் தீர்மானம் நிறைவேறினாலும், தோற்ற பக்கத்துக் கோரிக்கையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள். ஆரம்பத்தில் எதிரணிக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அப்புறம் பட்டியலோடு வர ஆரம்பித்தார்கள். நகரத்துப் பஸ் நிறுத்தங்களில் நிழலுக்குக் கூரை வந்தது அக்காவால்; உட்காரப் பெஞ்சு வந்தது எதிரணி கேட்டதால். இரண்டுக்கும் சேர்த்து ஜனங்கள் அக்காவைத்தான் வாழ்த்தினார்கள்.

ஆனால் அவள் பெயர் முதலில் வெளியே தெரிந்தது அதற்கெல்லாம் முன்னால். அந்த முதல் வார்டு தேர்தலில் அவள் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தாள். மாலையைப் போட்டுத் தூக்கப்போகும் நேரத்தில், பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். ஓட்டுப் போட வந்தவர்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பதிமூன்று பேர். பெட்டியில் இருந்தது இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு சீட்டு. "சார், ஒண்ணு கூடுதலா இருக்கு" என்று அவளே போய் அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரிக்கே எரிச்சல். மறு ஓட்டு நடந்தது. முப்பத்தொரு ஓட்டில் தோற்றாள். சுவரொட்டி ஒட்டி ஒட்டிக் கையெல்லாம் பசையாகத் திரிந்த அவள் தம்பி, பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த முறை அந்த வார்டில் எதிர்த்து நிற்க ஆள் கிடைக்கவில்லை.

இத்தனையிலும் தையல்காரர் என்ன செய்தார்? வெள்ளை போட்டார். ஆறு முறை ஓட்டெடுப்பு, ஆறு முறையும் வெள்ளை. அவருக்கு வேறு எதுவும் தோன்றியதேயில்லை. அவளுடைய பேச்சைக் கேட்டுவிட்டு ஜனங்கள் கை தட்டும்போது அவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, பின்னால் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொள்கிற ஜாதி. வெள்ளை போட்டவர் எப்போதும் ஜெயித்தார். ஜெயித்ததால் ஒன்றும் கேட்க முடியாமல் போயிற்று.

அவருக்குக் கேட்க ஒன்று இருந்தது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை.

கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய சட்டைகளுக்குப் பட்டன் தைப்பார்கள். அவர் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுப்பார், அவள் பட்டன் தைப்பாள். அவள் தைத்த பட்டன் சட்டை நைந்தாலும் பிய்ந்து வராது. கை வேலையில் இருக்க, வாய் ஊர் வம்பெல்லாம் பேசும். தண்ணீர்க் குழாய்க்காகத் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சிக்குப் போகலாமா என்று அவள் முதலில் கேட்டதே அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். "போயேன்" என்று அவர்தான் சொன்னார். தலையெழுத்து, சொன்னார். கவுன்சிலரானதும் ஞாயிற்றுக்கிழமை மனு வாங்கும் நாளாகிவிட்டது. மேயரானதும் சனிக்கிழமை போயிற்று. அமைச்சரானதும் இரவுச் சாப்பாடு போயிற்று. இனிப் பிரதமரானால் போவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று அவர் நேற்று முழுக்க விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"மாமா, உங்க முறை," என்றான் மச்சான். அக்காவின் தம்பி, இப்போது அவளுடைய தேர்தல் வேலைகளையெல்லாம் கட்டி மேய்க்கிறவன். ஒரு காதில் போன் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவன் போட்டாயிற்று, நர்ஸ் போட்டாயிற்று, மகள் போட்டாயிற்று.

தையல்காரர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்துவிட்டு ட்ரையல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்தார்.

உள்ளே ஆளுயரக் கண்ணாடி. அதில் கழுத்தில் டேப் தொங்க, தலை நரைத்த ஒருவர் இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு பட்டனை வைத்துக்கொண்டு நின்றார். வலது கையில் வெள்ளை. அவள் ஜெயிக்க வேண்டும். அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இடது கையில் கருப்பு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எழுந்து நின்று கேட்க வேண்டும். எப்படியும் மூன்று வெள்ளை விழுந்துவிடும் என்று கருப்பைப் போட்டார். அது டின்னுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. ஐயோ, ஒருவேளை விழாவிட்டால்? யோசிக்கவே இல்லை, வெள்ளையையும் அதே ஓட்டையில் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் பவுடர் டப்பா ஞாபகம் வந்தது. டின்னுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், எட்டவில்லை.

வெளியே வந்து பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அக்கா கடைசியாக உள்ளே போய் வந்தாள்.

மச்சான் டின்னைக் கட்டிங் டேபிள் மேல் கவிழ்த்தான். பட்டன்கள் உருண்டு அடங்கின. மூன்று வெள்ளை. மூன்று கருப்பு.

"ஆறு," என்றான் மச்சான்.

"எப்படி ஆறு?" என்றாள் நர்ஸ். பவுடர் டப்பாவை எடுத்துக் கொட்டினாள். நான்கு இருந்தது. "யாரோ ரெண்டையும் டின்லயே போட்டிருக்காங்க."

செயலாளர் எழுந்து வந்தார். "சரி விடுங்க, கை தவறி விழுந்திருக்கும். ஒரு கருப்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டா முடிஞ்சு போச்சு" என்று பட்டனை எடுக்கக் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க," என்றாள் அக்கா.

சத்தமே போடவில்லை. ஆனால் செயலாளர் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார்.

"அக்கா, மணி ரெண்டே முக்கால்."

"இருக்கட்டும். ஓட்டுப் போட்டவங்க அஞ்சு பேர், பெட்டியில ஆறு இருக்கு. இதே மாதிரி ஒரு பெட்டிய வெச்சுத்தான் நான் முதல் தேர்தல்ல ஜெயிச்சத வேணாம்னு சொன்னேன். இன்னிக்கு இந்த வீட்டுப் பெட்டிய மட்டும் சரின்னு சொல்லிட்டு எந்த மூஞ்சியோட மாளிகைக்குப் போறது? மறு ஓட்டு."

"யாரு போட்டாங்கன்னு மொதல்ல தெரியணும்," என்றாள் நர்ஸ்.

"அதை யாரும் கேக்கக் கூடாது. ரகசிய ஓட்டு."

"கேக்க வேண்டாம், சொல்றேன். போனைக் காதுல வெச்சுக்கிட்டே உள்ள போனது யாரு? உள்ள நின்னுக்கிட்டு 'ஆமா சார், சரி சார்'னு பேசினது யாரு?" நர்ஸ் மச்சானைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டாள். "உங்க தம்பிக்குத்தான் அண்ணி எப்பவும் அவசரம்."

மச்சானின் முகம் செத்துப்போயிற்று. போனை அணைத்துப் பையில் போட்டான். "நான் ஒண்ணுதான் போட்டேன். சத்தியமா."

"மாமா, ஞாபகப்படுத்திப் பாருங்க," என்றாள் மகள். "அவசரத்துல கை தவறியிருக்கலாம்ல."

"தப்பு பண்ணா ஒத்துக்கப்பா," என்றார் செயலாளர். "நேரம் ஓடுது."

இருபத்திரண்டு வருஷம் பசை வாளியோடு அலைந்தவன். அக்கா ஜெயித்ததற்கெல்லாம் பாதி ராத்தூக்கத்தை இழந்தவன். இன்றைக்கு அவளுடைய பெட்டியில் கள்ள ஓட்டுப் போட்டவன் என்று அவனைப் பார்க்கிறார்கள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரருக்குக் காது இரண்டும் கொதித்தது. வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் மச்சானின் மானம் போகும். நம்ம தப்புக்கு அவன் எதற்கு அழ வேண்டும்?

"அவன விடுங்க," என்றார். "நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். இந்த வீட்டில் சந்தேகப்படுகிற வரிசையில் அவர் கடைசி ஆள். சுவர்க் கடிகாரத்தைக்கூட அவருக்கு முன்னால் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

"நீயா?" என்றாள் நர்ஸ். "அண்ணா, உனக்கு என்ன கேடு வந்தது?"

"கை தவறிப் போச்சா?" என்றாள் அக்கா.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதோடு போயிருக்கும். ஆனால் அவள் கேட்கும்போது அவருக்கு இதுவரைக்கும் பொய் வந்ததில்லை.

"தவறல. தெரிஞ்சுதான் போட்டேன். வெள்ளை ஊருக்கு. கருப்பு எனக்கு." டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "இந்த வீட்ல தோத்தவங்க எல்லாரும் எழுந்து நின்னு கேட்டிருக்கீங்க. என் தங்கச்சி எத்தனை கேட்டாள்னு அவளுக்கே ஞாபகம் இருக்காது. நான் எப்பவும் ஜெயிச்சுக்கிட்டே இருக்கேன். ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கு ஒண்ணும் மிஞ்சல. ஒரே ஒரு தடவை தோத்துப் பாக்கலாம்னு தோணுச்சு. போட்டப்புறம் பயம் வந்துடுச்சு. அதான் ரெண்டும்."

வெளியே டிவிக்காரர் ஒருவர் மைக்கில், உள்ளே அமைச்சரவைப் பட்டியல் தயாராகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன கேக்கணும் உங்களுக்கு?" என்றாள் அக்கா.

"அதெப்படி இப்ப சொல்றது? தோத்தாத்தானே கேக்கலாம். நீ போட்ட விதிதானே."

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நர்ஸைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பட்டன்களை அள்ளி மறுபடியும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தாள். "நர்ஸம்மா, முதல்ல நீ போ," என்றாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் நர்ஸ். மச்சானிடம் திரும்பி, "தம்பி, தப்பா சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றாள். எதிர்க்கட்சி மன்னிப்புக் கேட்டது அந்த வீட்டு வரலாற்றில் அதுதான் முதல் தடவை. மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினான்.

நர்ஸ் போனாள், மகள் போனாள், மச்சான் போனான். அடுத்தது தையல்காரர்.

மறுபடியும் அதே கண்ணாடி, அதே ஆள். இந்தத் தடவை கணக்கு தெளிவாகத் தெரிந்தது. மூன்று வெள்ளை மூன்று கருப்பில் தன்னுடைய இரண்டையும் கழித்தால் இரண்டுக்கு இரண்டு. அதாவது அவர் பட்டன்தான் தீர்ப்பு. கருப்பைப் போட்டால் அக்கா தோற்பாள், மீசைக்காரர் பிரதமர். கருப்பு ஜெயித்துவிடுவதால் அவர் ஒன்றும் கேட்க முடியாது. வெள்ளையைப் போட்டால் அக்கா ஜெயிப்பாள். வெள்ளை ஜெயித்துவிடுவதால் அப்போதும் அவர் ஒன்றும் கேட்க முடியாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கண்ணாடியில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரிதான் போ என்று வெள்ளையை டின்னில் போட்டார். கருப்பைப் பவுடர் டப்பாவில் போட்டு, விழுந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மனசு லேசாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

அக்கா கடைசியாகப் போனாள். சீக்கிரமே வந்துவிட்டாள்.

மச்சான் டின்னைக் கவிழ்த்தான். இந்தத் தடவை அவன் எண்ணுவதற்கு முன்னால் செயலாளரே எண்ணிவிட்டார்.

"அஞ்சு. நாலு வெள்ளை, ஒரு கருப்பு. முடிஞ்சுது அக்கா, பேனா இந்தாங்க."

யாரும் பேனாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள்.

"கேளுண்ணா," என்றாள் நர்ஸ். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இந்தத் தடவை நான் வெள்ளைதான் போட்டேன். சொல்லிடறேன். குளியலறை, சமையலறை, தெரு எல்லாம் வாங்கியாச்சு, இனிமே எனக்குக் கேக்க ஒண்ணும் பாக்கியில்ல. நீ கேளு."

"நானும் வெள்ளைதாம்ப்பா," என்றாள் மகள். "எழுந்து நில்லுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க. அம்மா தந்துதான் ஆகணும்."

அவர்களுக்கு அந்த ஒற்றைக் கருப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. தையல்காரருக்குத் தலை சுற்றியது. எழுந்து நின்றால் போதும். யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு வார்த்தை சொன்னால் இத்தனை வருஷத்து ஆசை கையில் வந்து விழும். ரகசிய ஓட்டுதானே, யாருக்குத் தெரியும்? நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதிரே மேஜை மேல் அந்த ஐந்து பட்டனும் வரிசையாக இருந்தன.

"என்னுது வெள்ளை," என்றார்.

"என்னது?"

"நான் வெள்ளைதான் போட்டேன். இந்தக் கருப்பு என்னுது இல்ல."

நர்ஸ் மச்சானைப் பார்த்தாள். மச்சான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நானும் இல்லங்க, ஆள விடுங்க" என்றான்.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். நர்ஸ் எழுந்து நிற்பாளே அதே மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தோத்தது நான்," என்றாள். "எனக்கு ஒண்ணு கேக்கணும்."

செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும், நான் இந்தக் கடையில உக்காந்து பட்டன் தைக்கணும். கதவு பாதி சாத்தியிருக்கணும். போன் கிடையாது, பைல் கிடையாது, செயலாளர் கிடையாது. காஜா எடுக்கறதுக்கு இவர் எதிர்ல உக்காந்திருக்கணும். ஜெயிச்சவங்க நாலு பேரும் சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து."

"சரி," என்றாள் மகள். "சரி," என்றான் மச்சான். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எழுதிக் குடுங்க அண்ணி, அப்புறம் மாறக் கூடாது" என்றாள்.

தையல்காரருக்கு டேப் விரலில் சுற்றிச் சுற்றி நுனி சிவந்துபோயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மணி மூன்றேகாலுக்கு அக்கா கையெழுத்துப் போட்டாள். செயலாளர் கடிதத்தைப் பறித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் வாசலில் நின்ற ஒரு கேமராவே சாய்ந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அது மாளிகையில் சேர்ந்தது. மீசைக்காரர் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ் நின்றது. கடைக்கதவு பாதி சாத்தியிருந்தது. நாற்பத்திரண்டு சட்டையில் பதினெட்டு பாக்கி. பதவியேற்று இரண்டு நாளான பிரதமர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊசிக்கு நூல் கோக்கத் திணறிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையில் கோத்தாயிற்று.

முதல் சட்டையைத் தைத்து நீட்டினாள். தையல்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவது பட்டன் ஆடியது. பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டிவிட்டு, சட்டையைத் திரும்பக் கொடுத்தார்.

"மறு தையல்," என்றார்.

"கை மறந்து போச்சு," என்று வாங்கிக்கொண்டாள். மறு பேச்சுப் பேசாமல் தைத்தாள்.

அவருக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மூன்று நாளாக அதுதான் அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, இவங்க ரெண்டு பேரும் பழையபடி கருப்பே போட்டிருந்தா? உன்னோடதும் சேர்ந்து மூணு ஆயிருக்கும். எல்லாம் போயிருக்குமே."

"போயிருக்கும்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல போட்ட?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க பேசி முடிச்சப்ப உங்க தங்கச்சி மூஞ்சியப் பாத்தேன். உங்க பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். ரெண்டு வெள்ளை. மூஞ்சியப் பாத்து ஓட்டு எண்ணத் தெரியாமலா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"சரி, நான் என்ன கேக்க நெனச்சேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"உங்க மூஞ்சிதான். இருபத்திரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கு. எனக்குத்தான் எண்ண நேரமில்ல."

தையல்காரர் அடுத்த சட்டையை எடுக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இந்தப் பக்கம் திரும்பினால் எண்ணிவிடுவாளே.